மஞ்சளின் கீட்டோனும் நம் தமிழும்



இடைநிலைப்பள்ளியில் வேதியியல் மலாயிலோ ஆங்கிலத்திலோ நடக்கப்போகிறது; பிறகு தொடக்கப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் கற்று என்ன பயன்? 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறியபோது எழுந்த இக்கேள்வி, 2016-இல் டி.எல்.பி. எனும் இருமொழித் திட்டம் வந்தபின் மீண்டும் எழுந்தது. கிள்ளானில் இன்றும் பெற்றோர் என்னைக் கேட்கின்றனர். வேதியியலின் கடினமான பகுதி தமிழுக்கு அடங்காது என்பதே அதன் அடியில் உள்ள எண்ணம். நான் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்றவன். வேதியியல் பட்டதாரி அல்லன். ஆயினும் சொல்லிப் பார்க்கிறேன்.

பொருளை வெளியே தேட வேண்டியதில்லை. கிள்ளான் தெங்கு கெலானா சாலையிலும் பிரிக்பீல்ட்சிலும் விற்கும் மஞ்சளே போதும். அதற்கு நிறம் தரும் குர்குமின் 1815-இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் அமைப்பு 1910-இல்தான் தெளிவாயிற்று. ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்புக் கொண்ட கார்பன், இருபுறமும் கார்பன்களோடு இணைந்திருந்தால் அது கீட்டோன். குர்குமினில் அத்தகைய இடங்கள் இரண்டு, நடுவே ஒரு கார்பனை விட்டு அமைந்துள்ளன.

ஆய்வகத்தில் இதைச் செய்ய, அசிட்டைல் அசிட்டோன் எனும் சிறிய இரட்டைக் கீட்டோனின் இரு ஓரங்களிலும் வனிலினைப் பொருத்த வேண்டும். வெனிலா மணம் தருகிறதே, அதே வனிலின்தான். இடர் என்னவெனில், நடுக் கார்பனே எல்லாவற்றுக்கும் முந்தி வினைபுரியும். வனிலின் அங்கேயே போய் ஒட்டிக்கொள்ளும். 1964-இல் பாபோன் வெளியிட்ட முறையில் முதலில் போரான் ஆக்சைடு சேர்க்கப்படுகிறது. போரான் இரு ஆக்சிஜன்களையும் பற்றி வளையமாக்கிவிட, நடுக் கார்பன் அடங்குகிறது. வகுப்பில் எப்போதும் முதலில் கைதூக்கும் மாணவனை அமரச் சொல்லிவிட்டு, ஓரத்தில் இருப்பவர்களைக் கேட்கிறோம் அல்லவா, அதைப் போன்றது. பியூட்டைல் அமீன் வினையைத் தூண்ட, இரு ஓரங்களிலும் வனிலின் சேர்கிறது. ஒவ்வொரு சேர்க்கையிலும் வெளியேறும் நீரை டிரைபியூட்டைல் போரேட் ஏற்றுக்கொள்கிறது. இறுதியில் நீர்த்த அமிலத்தால் போரானை விலக்கினால் குர்குமின் கிடைக்கும்.

இதில் தமிழ் எங்கே இடறியது? கலைச்சொற்கள் தமிழ் அல்லவே என்பீர்கள். கீட்டோன் ஆங்கிலச் சொல்லும் அன்று. 1848-இல் ஜெர்மானியரான லியோபோல்ட் குமெலின் உருவாக்கியது. ஆங்கிலம் அதைக் கடன் பெற்றது. மலாய் 'கெட்டோன்' என்கிறது. நாமும் பெற்றுக்கொள்வதில் குறைவென்ன? நடுக் கார்பனை ஏன் அடக்க வேண்டும் என்பது விளங்காத மாணவனுக்குச் சொல் எம்மொழியில் இருந்தால் என்ன!

வீட்டில் ஆங்கிலமே பேசும் குடும்பங்களும் கிள்ளான் பள்ளத்தாக்கில் உண்டு. அவர்கள் நிலை வேறு. நான் சொல்வது, வீட்டில் தமிழ் பேசி, ஆரத்தி நீர் சுண்ணாம்பால் சிவப்பதைப் பார்த்து வளரும் பிள்ளைகளைப் பற்றி. காரத்தில் குர்குமின் ஹைட்ரஜன் அயனியை இழப்பதால் அந்த நிறமாற்றம். சடங்காக மட்டுமே கண்ட ஒன்றுக்குக் காரணம் உண்டென்று அறியும்போது அவர்கள் முகம் மாறுவதை வகுப்பில் காண்கிறேன்.

இருமொழித் திட்டத்துக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். படிவம் வீட்டுக்கு வந்தால் உடனே ஒப்பமிட்டுவிடாதீர்கள். மஞ்சள் தூளைக் குழைத்துத் தாளில் தடவி உலர்த்துங்கள். பிள்ளையையே சவர்க்கார நீர் ஒரு துளி விடச் சொல்லுங்கள். தாள் சிவந்ததும் அவன் எந்த மொழியில் 'ஏன்' என்று கேட்கிறான் என்பதைக் கவனித்துவிட்டுப் பேனாவை எடுங்கள்.