பெயரைக் கேட்டால் விழிக்கும் கணிப்பொறி

தரவுத்தள மென்பொருள் ஒன்றைச் சொந்தக் கணிப்பொறியில் நிறுவும்போது, பாதி வழியில் 'ஹோஸ்ட் நேம்' பிழை என்று திரையில் தோன்றி வேலை நின்றுபோவதைக் கண்டு நீங்கள் திகைத்திருக்கலாம். அருகிலிருப்பவர் உடனே என்ன சொல்வார்? "அழித்துவிட்டு மறுபடியும் போடு" என்பார். அப்படியும் சரியாகவில்லை என்றால், "கணிப்பொறியையே ஃபார்மட் செய்துவிடு" என்பார். இந்த ஆலோசனையை நீங்கள் ஏற்கக்கூடாது என்பது என் கருத்து. விலாசம் தவறிய கடிதம் திரும்பி வந்தால், அதே விலாசத்தைப் புது உறையில் எழுதி மறுபடி தபாலில் போடுவது போன்றது இது.

ஹோஸ்ட் நேம் என்பது கணிப்பொறியின் பெயர், அவ்வளவுதான். பெயர் மனிதருக்கு வசதி, எந்திரத்துக்கோ எண்தான் வசதி. நம் வட்டாரத்தையே பாருங்கள். விருதுநகரிலிருந்து சிவகாசிக்குச் செல்லும் சாலையில் ஆமத்தூர் இருக்கிறது. விழுப்புரத்துக்கு அருகே, தேவாரப் பாடல் பெற்ற திருவாமாத்தூர் இருக்கிறது. அவசரத்தில் எழுதினால் ஒன்று மற்றொன்றாகிவிடும்! இத்தகைய குழப்பத்தைத் தவிர்க்கத்தான் 1972 ஆகஸ்ட் 15 முதல் அஞ்சல் துறை 6 இலக்கப் பின்கோடு எண்ணைக் கொண்டுவந்தது. 626 என்று தொடங்கினால் விருதுநகர்ப் பக்கம், 605 என்று தொடங்கினால் விழுப்புரம், புதுச்சேரிப் பக்கம்.

கணிப்பொறிகளுக்கும் இப்படி எண் முகவரி உண்டு. அவற்றுள் 127.0.0.1 என்பது விந்தையானது. எந்தக் கணிப்பொறியும் தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் எண் அது. அதன் பெயர் 'லோக்கல் ஹோஸ்ட்'.

ஒரே பெட்டிக்குள் இருக்கும் தரவுத்தளத்துக்குப் பெயரும் முகவரியும் எதற்கு என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி! மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் போன்றவை இரண்டு பகுதிகளாக இயங்குபவை. தரவைக் காத்து வைத்திருப்பது ஒன்று, அதனிடம் கேட்டு வாங்குவது மற்றொன்று. முதலாவதைச் சர்வர் என்கிறோம். மைஎஸ்க்யூஎல் சர்வர் வழக்கமாக 3306 என்ற வாசலிலும், போஸ்ட்கிரெஸ் 5432 என்ற வாசலிலும் காத்திருக்கும். கேட்கும் பகுதி பக்கத்திலேயே இருந்தாலும், பெரும்பாலும் தொலைவிலிருந்து பேசுவதைப் போலவே பெயரைச் சொல்லி, எண்ணைத் தேடி, வாசலைத் தட்டும். பெயருக்குரிய எண் கிடைக்காவிட்டால் அங்கேயே நின்றுவிடும். (எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தில் இந்தத் தொல்லை இல்லை. அது வெறும் கோப்பு. அதற்குச் சர்வரே கிடையாது.)

பெயரை எண்ணாக மாற்றிய முதல் ஏற்பாடு மிக எளியது. இன்றைய இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் 1970களில் எல்லாக் கணிப்பொறிகளின் பெயர்களும் ஒரே பட்டியலில் இருந்தன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையில் இயங்கிய குழு அதைப் பராமரித்தது. கணிப்பொறிகள் பெருகவே பட்டியல் தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் பெயர்ப் பொறுப்பைப் பலரிடம் பகிர்ந்தளிக்கும் டிஎன்எஸ் முறையை வகுத்தார். ஆயினும் அந்தப் பழைய பட்டியலின் வாரிசு உங்கள் கணிப்பொறியில் இன்றும் இருக்கிறது. 'ஹோஸ்ட்ஸ்' என்ற சிறு கோப்புதான் அது! ஹோஸ்ட் நேம் பிழை வந்தால் பார்க்கவேண்டிய முக்கியமான இடமும் அதுவே.

முதலில் கட்டளைத் திரையில் 'ஹோஸ்ட்நேம்' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். கணிப்பொறி தன் பெயரைச் சொல்லும். பிறகு 'பிங்' கட்டளையுடன் அந்தப் பெயரைக் கொடுங்கள். எண் எதுவும் வராவிட்டால் குற்றம் தரவுத்தளத்தின்மீது இல்லை. கணிப்பொறிக்குத் தன் பெயரே புரியவில்லை என்று பொருள். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்ற டெபியன் வழி வந்த அமைப்புகளில் இது அடிக்கடி நேரும். அங்கே பெயர் இரண்டு கோப்புகளில் எழுதப்பட்டிருக்கும். ஒன்றில் மாற்றிவிட்டு மற்றொன்றான ஹோஸ்ட்ஸ் கோப்பில் மாற்ற மறந்தால் பிழைதான். 127.0.1.1 என்று தொடங்கும் வரியில் புதிய பெயரை எழுதினால் தீர்ந்தது. திருத்துவதற்கு முன் கோப்பைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

பிழையின் எண்ணைப் பார்க்கும் பழக்கமும் வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் 2005 என்றால், அப்படியொரு பெயரையே அறியேன் என்று பொருள். 2003 என்றால் விலாசம் கிடைத்தது, ஆனால் இணைப்புக் கிடைக்கவில்லை. சர்வர் ஓடாமல் இருக்கலாம். 1045 என்றால் கதவு திறந்தது, ஆனால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ பொருந்தவில்லை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. மூன்றுக்கும் 'மறுபடி போடு' என்பவரை என்னவென்பது?

இனி, எனக்கு மனத்தாங்கல் உள்ள விஷயம் ஒன்று. கணிப்பொறிப் பெயருக்கு 1985இல் எழுதப்பட்ட விதி, ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், சிறுகோடு ஆகியவற்றை மட்டுமே அனுமதித்தது. எழுத்தில்தான் தொடங்கவேண்டும் என்ற நிபந்தனை 1989இல் தளர்ந்தது. அடிக்கோட்டுக்கும் இடைவெளிக்கும் இன்றும் இடமில்லை. ஆங்கிலமல்லாத எழுத்துகளோ பல நிறுவிகளுக்கு ஆகா. மைஎஸ்க்யூஎல் தன் பிழைப் பதிவுக் கோப்புக்கு விண்டோஸில் கணிப்பொறியின் பெயரையே வைப்பது வழக்கம். சீன எழுத்துகளில் பெயரிட்ட கணிப்பொறிகளில் இதனாலேயே நிறுவல் நின்றுபோனதுண்டு.

தமிழால் முடியாதது என்று இதற்குப் பொருளில்லை. '.இலங்கை' 2010இலும், '.இந்தியா', '.சிங்கப்பூர்' ஆகியவை 2011இலும் இணைய முகவரிகளில் இடம்பெற்றன. உள்ளே அவை ஆங்கில எழுத்துகளாக உருமாற்றப்பட்டே பயணம் செய்கின்றன. கண்ணுக்குத் தெரிவது தமிழ். உலக வலையில் முடிந்தது மேசைமேல் இருக்கும் ஒரு பெட்டியில் ஏன் முடியக்கூடாது?

இன்று வேலை ஆகவேண்டுமென்றால், ஆங்கில எழுத்தில் 15க்கு மிகாத சிறு பெயரை வையுங்கள். விண்டோஸின் பழைய பெயர் முறைக்கு அதுவே எல்லை. ஆனால் தமிழ்ப் பெயரால் தடைபட்டதைப் பேசாமல் விட்டுவிடாதீர்கள். மைஎஸ்க்யூஎல்லும் போஸ்ட்கிரெஸும் பிழைகளைத் தெரிவிக்க இடம் வைத்திருக்கின்றன. மென்பொருளின் பதிப்பு எண், பிழைச் செய்தி, நீங்கள் வைத்த பெயர் ஆகிய மூன்றையும் எழுதி அனுப்புங்கள்.