தாமரையா, தா மரையா?

பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா 'பொதுமொழி' என்று ஒன்று நடத்தினாரே, ஞாபகமிருக்கிறதா? 'தாமரை' என்று சேர்த்துப் படித்தால் பூ. 'தா மரை' என்று பிரித்தால் தாவுகிற மான். இலக்கணத்தில் ரெண்டு மார்க் சமாசாரம். அதோடு அதை மறந்துவிட்டு நாமெல்லாம் பி.காம். சேரப் போய்விட்டோம்.

இதே சமாசாரத்தில் தப்புப் பண்ணினால் பெரிய பெரிய சர்வர்களே மூச்சு விடாமல் படுத்துவிடும் என்றால் நம்புவீர்களா? நம்புங்கள்.

ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் பலவற்றின் உள்ளே இருப்பது இன்டெல் அல்லது ஏ.எம்.டி. சிப். கம்பெனி வேறானாலும் பாஷை ஒன்றுதான். எக்ஸ்86 என்று பெயர். 1978-ல் 8086 என்கிற சிப்போடு பிறந்தது. அதில் கட்டளைகள் எல்லாம் வெறும் எண்கள். பைட் பைட்டாக வரிசையில் நிற்கும். நடுவில் இடைவெளி கிடையாது, கமா கிடையாது. ஒரு கட்டளை 1 பைட்டிலும் முடியலாம், 15 பைட் வரையிலும் இழுக்கலாம். 64-பிட் ஆர்ம் சிப்பில் எல்லாக் கட்டளையும் 4 பைட். கண்ணை மூடிக்கொண்டு வெட்டலாம். இங்கே ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்துத்தான் எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

சாம்பிளுக்கு ஒன்று. 'பி8' என்று ஆரம்பித்தால், 'பின்னால் வரும் எண்ணை எடுத்து வைத்துக்கொள்' என்று அர்த்தம். மொத்தம் 5 பைட். முன்னால் '66' என்று ஒரு பைட்டை ஒட்டினால் எத்தனை? ஆறு என்பீர்கள். இல்லை சார், நாலு! அந்த 66 பின்னால் வரும் எண்ணைப் பாதியாக நறுக்கிவிடுகிறது. 66-க்குப் பதில் '48'-ஐ ஒட்டினால் 10. அதுவும் 64-பிட்டில்தான். பழைய 32-பிட்டில் இதே 48 ஒட்டு அல்ல, 'ஒன்றைக் கழி' என்கிற தனிக் கட்டளை. பிறந்த வீட்டில் ஒரு பேர், புகுந்த வீட்டில் வேறு பேர்.

'சிப்தான் தானாகப் படித்துக்கொள்கிறதே, நமக்கு என்ன வந்தது?' என்று கேட்பீர்கள். லினக்ஸின் அடிவயிறான கெர்னலுக்கும் சில சமயம் இதைப் படிக்க வேண்டியிருக்கிறது. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, நிறுத்தாமல், ஒரு குறிப்பிட்ட இடத்தில் என்ன நடக்கிறது என்று வேவு பார்க்க 'கே-ப்ரோப்' என்று ஒரு வித்தை உண்டு. கட்டளையின் தலையில் 'சிசி' என்று ஒரு பைட்டை எழுதிவிட்டால் சிப் அங்கே வந்ததும் நின்று கெர்னலைக் கூப்பிடும். தலையில் எழுதினால் சரி. தப்பிப் போய் நடு வயிற்றில் எழுதினால்? சிப் நிற்காது. சிசி என்பதை 204 என்று எண்ணாகப் படித்துக்கொண்டு ஜாலியாகப் போய்க்கொண்டே இருக்கும். கணக்கில் வேறு எண் இருக்க வேண்டிய இடத்தில் 204. அதற்கப்புறம் கோவிந்தா.

ஆகவே கெர்னலுக்கு ஒரு டீகோடர் வேண்டியிருந்தது. 2009-ல் மசாமி ஹிராமட்சு என்கிற ஜப்பானியர் அதைக் கொண்டுவந்தார். மறு வருஷம் வெளிவந்த கெர்னலில் அது இருந்தது. அவர் செய்த புத்திசாலித்தனம், பட்டியலைத் தனியாக வைத்தது. எந்த எண்ணுக்கு என்ன கட்டளை என்பதெல்லாம் சாதாரண எழுத்தில் ஒரு ஃபைல். அதைப் படித்து ஒரு குட்டி ப்ரோக்ராம் அட்டவணையாக்கிக் கொடுத்துவிடும். புதுக் கட்டளை வந்தால் பெரும்பாலும் ஒரு வரி சேர்த்தால் போதும். லெட்ஜரில் புது ஹெட் திறக்கிற மாதிரி.

திறந்தால் போதுமா? டாலி ஆக வேண்டாமா? இங்கேதான் கணக்குப் பிள்ளைகளான நமக்குச் சுவாரஸ்யம்.

கெர்னலைத் தயாரிக்கும்போது ஒரு சுவிட்சைத் தட்டி வைத்தால், அந்தக் கெர்னலை 'ஆப்ஜ்டம்ப்' என்கிற வேறொரு கருவி கட்டளை கட்டளையாகப் பிரித்துக் கொடுக்கும். அது வேறு ஆட்கள் எழுதியது. அதன் நீளங்களும் நம் டீகோடரின் நீளங்களும் ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறார்கள். ஒரே ஆள் ரெண்டு தடவை கூட்டினால் அதே தப்புதான் ரெண்டு தடவை வரும். அதனால் ரெண்டு பேர், ரெண்டு புத்தகம். முன்பெல்லாம் ஆப்ஜ்டம்ப் ரொம்பப் பழசு என்றால் இந்தப் பரீட்சையே நடக்காது. ஆடிட்டருக்கே சர்ட்டிபிகேட் கேட்டார்கள்!

ரெண்டாவது சோதனை குப்பை. அர்த்தமில்லாத பைட்டுகளைப் பத்து லட்சம் தடவை வாயில் திணிக்கிறார்கள். டீகோடர் 'புரியவில்லை' என்று சொல்லலாம். எல்லை தாண்டிப் பக்கத்து இலையில் கை வைக்கக் கூடாது. எந்தக் குப்பையில் வழுக்கியது என்று மறுநாள் அதையே திரும்பக் கொட்டிப் பார்க்க ஒரு எண்ணையும் குறித்து வைத்துக்கொள்கிறார்கள்.

இதெல்லாம் தேறிவிட்டால் டீகோடர் சரியா? காலேஜில் முதல் வருஷமே சொல்லிக் கொடுத்தார்களே: ட்ரையல் பேலன்ஸ் டாலி ஆகவில்லை என்றால் தப்பு நிச்சயம், டாலி ஆனால் தப்பே இல்லை என்று அர்த்தமில்லை! ரெண்டு புத்தகத்திலும் ஒரே தப்பு இருக்கலாமே.

2017-ல் கிறிஸ்டோபர் டோமாஸ் என்கிற அமெரிக்கர் புத்தகங்களை ஓரமாக வைத்துவிட்டு சிப்பையே கேட்டார். ஒரு பக்கத்தின் கடைசி பைட்டில் கட்டளையை ஆரம்பித்து, அடுத்த பக்கத்தைப் பூட்டிவிடுவது. சிப் எட்டிப் பார்த்து 'பூட்டியிருக்கு' என்று கத்தினால் இன்னும் மிச்சம் இருக்கிறது. ஒவ்வொரு பைட்டாகப் பின்னால் நகர்த்தி, அது கத்தாமல் இருக்கும்போது எண்ணினால் அதுதான் நிஜ நீளம். கிடைத்தவை? மேனுவலிலேயே இல்லாத கட்டளைகள். கட்டளைகளைப் பிரிக்கும் பிரபல கருவிகளில் தப்புகள். அதிலும் ஒன்று: 66-ஐ முன்னால் ஒட்டிய ஒரு தாவல் கட்டளைக்கு 64-பிட்டில் இன்டெல்லில் ஒரு நீளம், ஏ.எம்.டி.யில் வேறு நீளம். ஒரே பாஷை என்றேனே, அதிலும் மதுரைத் தமிழ், கோவைத் தமிழ்!

பட்டியல் நின்றபாடும் இல்லை. 2023-ல் இன்டெல் ஏ.பி.எக்ஸ். என்று புதிதாக ஒன்றை அறிவித்தது. 64-பிட்டில் சும்மா கிடந்த 'டி5' திடீரென்று ஒட்டாகிவிட்டது. 2024-ல் டீகோடரைத் திருத்தினார்கள். அது ஒரு இடத்தில் இல்லை. கெர்னலுக்கு ஒரு பிரதி, கூட இருக்கும் கருவிகளுக்கு ஒரு பிரதி. ஒன்றில் திருத்தி இன்னொன்றில் மறந்துவிட்டால் 'ரெண்டும் ஒத்துப்போகவில்லை' என்று எச்சரிக்கை வரும்.

இத்தனையும் செய்கிறவர்களை யாருக்காவது தெரியுமா? சர்வர் விழுந்தால் தேடுவார்கள். விழாத நாளில்? ஒண்ணாம் தேதி சம்பளம் பைசா பிசகாமல் வருகிறதே, அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனுக்குப் போய் ஒரு தடவையாவது கை கொடுத்திருக்கிறீர்களா?