உம்மாவின் அறைக்குப் பக்கத்தில் இருந்த பெட்டரி

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் இன்வேர்ட்டரும் பெட்டரியும் வைத்திருப்பவர்கள் கடைசிவரை வாசியுங்கள்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் கரண்ட் வெட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நேரத்தில்தான் நானும் கடன்பட்டு ஒரு இன்வேர்ட்டரும் 150 ஏஎச் பெட்டரியும் வாங்கினேன். உம்மாவுக்கு ஃபேன் இல்லாமல் தூக்கம் வராது. பிள்ளைகள் கை வைத்துவிடுவார்கள் என்று படிக்கட்டுக்குக் கீழே இருந்த பலகை அலுமாரிக்குள் பெட்டரியை வைத்துப் பூட்டினேன். அலுமாரிக்கு அடுத்தது உம்மாவின் அறை. அதன்பிறகு நான் அந்தப் பூட்டைத் திறக்கவே இல்லை.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. நாடு முழுக்கக் கரண்ட் போனது. என் பெட்டரி அரை மணிநேரம்கூட இழுக்கவில்லை. கரண்ட் வந்ததும் தானாகச் சார்ஜ் ஏறட்டும் என்று விட்டுவிட்டேன். அடுத்த நாள் சுபஹுக்கு எழும்பியபோது வீடெல்லாம் அழுகிய முட்டை நாற்றம். அலுமாரியைத் திறந்தால் பெட்டரி கை வைக்க முடியாத சூடு, பக்கங்கள் உப்பியிருந்தன. மெயினை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்து, எல்லோரையும் வெளியே கூட்டிப்போனேன். உம்மா இரவில் நெருப்புக்குச்சி உரசி நுளம்புத்திரி கொளுத்தும் இடம் அந்த அலுமாரிக்கு மூன்றடி தூரத்தில். அல்லாஹ் காப்பாற்றினான்.

இதில் எனக்கு வெட்கமான விசயம் ஒன்று இருக்கிறது. நான் விஞ்ஞான ஆசிரியன். நீரை மின்பகுத்தால் ஐதரசனும் ஒட்சிசனும் வரும் என்று வருசா வருசம் படிப்பிக்கிறேன். எரியும் குச்சியைக் காட்டினால் ஐதரசன் ‘பொப்’ என்று வெடிக்கும் என்று செய்தும் காட்டுகிறேன். தண்ணீர் ஊற்றுகிற ஈய-அமிலப் பெட்டரியைச் சார்ஜ் பண்ணும்போது நடப்பதும் இதுதான். காற்றில் நூற்றுக்கு 4 பங்கு ஐதரசன் சேர்ந்தாலே தீப்பொறி போதும். ஐதரசனுக்கு மணம் கிடையாது. அழுகிய முட்டை மணம் ஐதரசன் சல்பைட்டு என்ற நச்சுவாயுவுடையது; பெட்டரி மிஞ்சிச் சார்ஜாகிச் சூடேறும்போது வருவது. ஆகவே மணம் வரவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று நினைக்கக்கூடாது.

என் கருத்து இதுதான்: பெட்டரி வாங்கிய செலவு கடையில் முடிவதில்லை. அதற்கு காற்றோட்டமான இடமும் மாதத்தில் அரை மணிநேரக் கவனிப்பும் கொடுக்க முடியாதவர் அதை வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது.

“பாஸ் வந்து பூட்டித் தந்தவர், அவருக்குத் தெரியும்தானே” என்பார்கள். வயரிங் பாஸ் பூட்டிவிட்டுப் போய்விடுவார். மாதா மாதம் தண்ணீர் பார்ப்பது வீட்டுக்காரர்தான். “என்னுடையது சீல் பண்ணிய பெட்டரி, ஒன்றும் செய்யத் தேவையில்லை” என்பார்கள். தண்ணீர் ஊற்றத் தேவையில்லை என்பது சரி. ஆனால் மிஞ்சிச் சார்ஜானால் அதுவும் வாயுவை வெளியே விடும். இன்வேர்ட்டரில் பெட்டரி வகைக்கு ஏற்ற செட்டிங் இருக்கிறதா என்று பாருங்கள். லித்தியம் என்றால் அதற்குரிய சார்ஜரே வேண்டும்.

நான் இப்போது செய்வது இவ்வளவுதான். புதுப் பெட்டரி பின் விறாந்தையில், நிழலில், காற்றோட்டமாக இருக்கிறது. தகரத்துக்குக் கீழே வெக்கையில் வைத்தால் அதன் ஆயுள் குறையும். மாதம் ஒருமுறை தண்ணீர் மட்டம் பார்க்கிறேன். தகடு தெரிந்தால் மூடுமளவுக்கு மட்டும் ஊற்றிச் சார்ஜ் பண்ணி, முழுதாக ஏறிய பிறகு மட்டத்தை நிரப்புகிறேன். காய்ச்சி வடித்த நீர் மட்டும்தான். கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம், அமிலமும் வேண்டாம். சார்ஜ் கரண்ட் கொள்ளளவில் பத்தில் ஒன்று, 150 ஏஎச் என்றால் 15 ஆம்பியர் அளவு. சார்ஜரைக் கழற்றிச் சில மணிநேரம் விட்டு மீற்றரால் பார்த்தால் முழுப் பெட்டரி 12.6, 12.7 வோல்ட் காட்டும். 12.1 அளவில் பாதி போய்விட்டது என்று அர்த்தம். அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால், இறங்கியபடியே விட்டுவைத்தால், தகட்டில் ஈயச் சல்பேற்று இறுகிவிடும். என் முதல் பெட்டரி அப்படித்தான் செத்தது. வயர் கழற்றும்போது மைனஸை முதலில், பூட்டும்போது மைனஸைக் கடைசியில். மோதிரம், கடிகாரம் கையில் இருக்கக்கூடாது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அமிலம் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவுங்கள்.

விற்கிற சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். எனக்குத் தந்த புத்தகத்தில் இருந்ததெல்லாம் ஆங்கிலம். தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத் தாள் அடித்துக் கொடுக்க எவ்வளவு செலவாகும்? ஆசிரிய நண்பர்களே, மின்பகுப்புப் பாடம் நடத்தும்போது “உங்கள் வீட்டுப் பெட்டரி எங்கே இருக்கிறது?” என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். நான் கேட்டேன். பத்தாம் தரத்தில் ஒரு பிள்ளை எழும்பி, “கட்டிலுக்குக் கீழே சேர்” என்றது. அன்று பின்னேரமே அந்த வீட்டுக்குப் போய் வாப்பாவுடன் பேசிவிட்டு வந்தேன்.

உங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது? இன்றைக்கே போய்ப் பாருங்கள்.