புழுவின் வயது

புண்ணில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு பொரிந்துவிடும். ஐந்து முதல் ஏழு நாளில் ஒன்றரை சென்டிமீட்டர் வளர்ந்து, தானாகவே கீழே விழுந்து மண்ணுக்குள் போய்விடும். ஆகவே படுத்த படுக்கையாய்க் கிடக்கும் ஒரு பெரியவரின் இடுப்புப் புண்ணிலிருந்து முற்றிய புழுவை இடுக்கியால் எடுக்கும்போதே, நாலைந்து நாளாக அந்தப் புண்ணை யாரும் பார்க்கவில்லை என்பது தெரிந்துவிடுகிறது. "நேத்துக்கூடத் தொடைச்சு விட்டேன் சிஸ்டர்" என்கிறார் கூட வந்த பெண். சிஸ்டர் மறுத்துப் பேசுவதில்லை. டர்பன்டைன் நனைத்த துணியைப் புண்ணின் குழிக்குள் அடைத்துவிட்டுப் பத்து நிமிடம் காத்திருக்கிறார். மூச்சு முட்டிப் புழுக்கள் மேலே நெளிந்து வருகின்றன. ஒவ்வொன்றாக, அறுந்துவிடாமல் பிடித்திழுத்துக் கிண்ணத்தில் போடுகிறார். மறுநாளும் இதே வேலை இருக்கும். பெரும்பாலும் அதற்கடுத்த நாளும்.

பிணத்தில் இருக்கும் புழுவின் வயதைக் கொண்டு இறந்த நாளைக் கணிப்பது தடயவியலில் பழகிய முறை. உயிரோடு இருந்தபோது நடந்ததையும் அதே கணக்கு சொல்லும். ஜெர்மனியில் இறந்து கிடந்த ஒரு குழந்தையைப் பற்றிய ஆய்வு 2001-இல் வெளியானது. குழந்தை இறந்து ஏறத்தாழ ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அரையில் இருந்த புழுக்களோ அதைவிட மூத்தவை. சாவதற்கு முன்பே பல நாட்களாக அந்தக் குழந்தையை யாரும் கழுவிவிடவில்லை என்பது அதிலிருந்து வெளிப்பட்டது. நம் வார்டுகளில் இந்தக் கணக்கை நாம் கேட்பதில்லை. கேஸ் ஷீட்டில் புழு இருந்தது என்று ஒரு வரி விழும், அதோடு சரி. அந்தப் புழு எத்தனை நாளுடையது, அந்த நாட்களில் நாமெல்லாம் எங்கே இருந்தோம் என்று எழுத அந்தத் தாளில் இடம் இல்லை.

குற்றத்தைக் கூட வந்த பெண்ணின் தலையில் கட்டுவது சுலபம். இத்தனை காலமாக அதைத்தான் செய்துவருகிறோம். பக்கவாதத்தில் விழுந்த மனிதரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள் என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புகிறோம். புரட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும். வீட்டில் இருப்பதோ மருமகள் ஒருத்தி. கணவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில், நாத்தனார் வருவது பொங்கலுக்கு. அவள் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். கட்டில் திண்ணையிலோ, மாட்டுக் கொட்டகையை ஒட்டிய சாய்ப்பிலோ கிடக்கிறது. வாடை வீட்டுக்குள் வரக்கூடாது என்று நாம் ஒதுக்கிய அந்த மூலைதான் ஈக்கு எளிதில் எட்டும் இடம். பார்க்கப் போகும் உறவினர்களாகிய நாம் சாத்துக்குடிப் பையைக் கட்டிலோரம் வைக்கிறோம், நலம் விசாரிக்கிறோம், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடுகிறோம். "ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன்க்கா, மாமாவத் திருப்பிப் போட்டு முதுகைப் பாத்துரலாம்" என்று நம்மில் எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்?

சொல்லாமல் விட்டது மட்டுமல்ல, அவள் வாய் திறக்க முடியாதபடியும் செய்திருக்கிறோம். புழுத்துச் சாவாய் என்பது நம் தெருச் சண்டையில் விழுகிற சாபம். பாவம் செய்தவனுக்குத்தான் அப்படிச் சாவு வரும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டே வளர்ந்தோம். அதனால் புழு வைத்துவிட்டது தெரிந்ததும் வீடு மறைக்கப் பார்க்கிறது. பெட்ரோலை ஊற்றுகிறார்கள், ஃபினாயிலை ஊற்றுகிறார்கள், அந்துருண்டையைப் பொடித்துத் திணிக்கிறார்கள். மேலே உள்ளவை சாகின்றன, நல்ல சதையும் சேர்ந்து வெந்துபோகிறது. வாடை தெருவுக்கு எட்டிய பிறகுதான் ஆட்டோ வருகிறது.

படித்தவர்கள் நாம் பரப்பும் தவறு வேறு. புழு கெட்ட சதையைத்தான் தின்னும், ஒருவகையில் நல்லதுதான் என்கிறோம். புண்ணைச் சுத்தம் செய்ய மருத்துவர்கள் வளர்த்து விடும் புழு வேறு இனம். நம் நாட்டில் மனிதரிடமும் மாட்டிடமும் இந்தக் கொடுமையைச் செய்வதில் முதன்மையானது கிரைசோமியா பெசியானா என்ற ஈ. அதன் புழுவுக்கு உயிருள்ள சதைதான் வேண்டும். தலையைக் கீழே புதைத்துக் குடைந்து இறங்கும், மூச்சுத் துளைகள் உள்ள பின்பக்கத்தை மேலே நீட்டி வைத்திருக்கும். ஒரு ஈ 150, 200 முட்டைகள் வரை இடும். புண்ணில் வடியும் நீரின் வாடை அடுத்த ஈயையும் அழைத்து வரும். பெரிய புண்கூட வேண்டியதில்லை, உண்ணி கடித்த தடம் போதும். சர்க்கரையால் மரத்துப்போன கால், தொழுநோயாளியின் உணர்விழந்த மூக்கு, வாய்ப்புற்றுப் புண், பேன் கடியைச் சொறிந்து ரணமான குழந்தையின் தலை, சீழ் வடியும் காது: எல்லாம் அதற்குச் சம்மதம்.

மாட்டு விஷயத்தில் கிராமம் இவ்வளவு அசட்டையாக இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கன்று விழுந்தால் தொப்புள் காயும்வரை தினமும் பார்ப்பார்கள். கொம்பு முறிந்தால் ஈ அண்டாமல் வேப்பெண்ணெய் போடுவார்கள், சீத்தா இலையை அரைத்துக் கட்டுவார்கள். பால் தரும் ஜீவன் என்ற அக்கறை அது. பால் வற்றிய கிழமாட்டையும், காதுக்குப் பின்னால் குழி விழுந்து, தலையை உதறிக்கொண்டே திரியும் தெரு நாயையும் அந்த அக்கறை எட்டவில்லை. டீக்கடையில் அந்த நாய்க்கு பிஸ்கட் போட்டவர்களே, வாடை வந்ததும் தண்ணீரை ஊற்றி விரட்டுகிறோம். 1962-க்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும் என்பது தெரிந்தும், யாராவது கூப்பிடுவார்கள் என்று நகர்ந்துவிடுகிறோம்.

அமெரிக்காவில் இதே மாதிரி இன்னொரு ஈ மாட்டுப் பண்ணைகளை நாசம் செய்தது. எட்வர்ட் நிப்ளிங், ரேமண்ட் புஷ்லேண்ட் என்ற இரு பூச்சியியலாளர்கள் ஆண் ஈக்களைக் கதிர்வீச்சால் மலடாக்கிப் பறக்கவிடும் வழியைக் கண்டார்கள். 1954-இல் குராசோ தீவில் செய்து பார்த்தபோது சில மாதங்களில் அந்த ஈ அங்கே இல்லாமல் போனது. பிறகு அமெரிக்கா, மெக்சிகோ என்று பனாமா வரை விரட்டினார்கள். காவல் தளர்ந்து 2024 நவம்பரில் அது மீண்டும் மெக்சிகோவில் தென்பட்டதும், அங்கிருந்து மாடு வருவதையே அமெரிக்கா நிறுத்தியது. மாட்டுக்கு விலை இருந்தது, அதனால் அரசுகள் அசைந்தன.

நமக்கும் தகவலுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலையத்தில் பணியாற்றிய பேட்டனும் க்ராக்கும் 1913-லேயே மருத்துவப் பூச்சியியலுக்குப் பாடநூல் எழுதினார்கள். 1920-களின் தொடக்கத்தில் பேட்டன் இதே பெசியானா ஈயால் இந்தியாவில் புழு வைத்த நோயாளிகளைப் பற்றித் தொடர்ந்து கட்டுரை எழுதினார். நூறு ஆண்டுகளாக நம் கையில் இருக்கும் செய்தி அது. நம் பத்திரிகைகளும் எப்போதாவது, நோயாளி மூக்கில் இத்தனை புழு என்று எண்ணிக்கையைத் தலைப்பாக்கி, அருவருப்பை விற்றுவிட்டு அடுத்த செய்திக்குப் போயிருக்கின்றன. எழுதுகிறவர்கள் நாமும் அதற்குத் துணை போயிருக்கிறோம்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், படுக்கையில் கிடப்பவரை வீட்டுக்கே வந்து பார்க்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் இரண்டு வருகைக்கு இடைப்பட்ட காலத்துக்குள் ஈ தன் வேலையை முடித்துவிடும். அந்த இடைவெளி ஊருக்கும் தெருவுக்கும் உரியது. பகலிலும் கட்டிலுக்கு ஒரு கொசுவலை, தினமும் ஒருமுறை வெளிச்சத்தில் புண்ணைத் திறந்து பார்த்து மூடுவது, புரட்டிப் போட இரண்டாவது ஒரு ஆள். ஒரு தெருவில் இப்படிக் கிடப்பவர்கள் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். சீட்டுப் பணத்துக்கும் கடன் தவணைக்கும் வாரம் தவறாமல் கூடுகிற மகளிர் குழுக்கள் நம்மிடம் இருக்கின்றன, திருவிழாவுக்கு முறை வைத்து வேலை பிரிக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். இந்த வீட்டுக்கு இன்று யார் போவது என்று முறை வைக்க அவர்களிடம் நாம் இதுவரை கேட்டதே இல்லை.