பெயரில்லாத பிள்ளை

பதிவு கொஞ்சம் நீளம். பெற்றோரும் நம் சக ஆசிரியர்களும் நேரம் எடுத்து வாசிக்க வேண்டும்.

"பிராங்கன்ஸ்டைன்" என்றால் நம் பிள்ளைகளுக்கும் ஒரு முகம் ஞாபகம் வரும். தட்டைத் தலை, கழுத்தில் இரண்டு ஆணி. அந்த முகம் 1931இல் வந்த ஆங்கிலப் படம் கொடுத்தது. மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட நாவலில் பிராங்கன்ஸ்டைன் என்பது அந்தப் பூதத்தின் பெயரே அல்ல. அதை உருவாக்கிய விக்டர் என்ற பல்கலைக்கழக மாணவனின் குடும்பப் பெயர் அது. பூதத்துக்குக் கதை முடியும் வரை பெயரில்லை. வைப்பதற்கு யாரும் இருக்கவில்லை.

மேரி இதை எழுதத் தொடங்கியது 1816இல், 18 வயதில். அவர் பிறந்து சில நாட்களிலேயே தாய் இறந்துவிட்டார். கைவிடப்பட்ட ஒன்றின் கதையை அவர் எழுதியதில் நமக்கு ஆச்சரியமில்லை.

விக்டர் கெட்டிக்காரன். உயிரின் இரகசியத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற வெறியில் பிணங்களின் உறுப்புகளைச் சேர்த்து ஓர் உருவம் செய்கிறான். அது கண் திறந்த இரவே அதன் அவலட்சணத்தைக் கண்டு பயந்து ஓடிவிடுகிறான். பலர் இந்த நாவலை "மனிதன் படைப்பில் கைவைக்கக் கூடாது" என்ற பாடமாகவே சொல்வார்கள். அது சரிதான். ஆனால் ஆசிரியர்களாக நாம் வாசிக்கும்போது விக்டரின் பெரிய குற்றம் அதற்கு அடுத்த நிமிடத்தில்தான் நடக்கிறது. உருவாக்கியவன் பொறுப்பெடுக்காமல் ஓடுகிறான்.

அதன் பிறகு அந்தப் பூதம் என்ன செய்தது? உடனே கொலை செய்யவில்லை. காட்டில் அலைந்து, ஓர் ஏழைக் குடும்பத்தின் வீட்டோடு ஒட்டிய கொட்டிலில் ஒளிந்துகொள்கிறது. இரவில் அவர்களுக்கு விறகு சேர்த்து வைக்கிறது. அந்த வீட்டுக்கு வந்த ஸஃபி என்ற பெண்ணுக்கு அவர்கள் மொழி கற்பிக்கும்போது, சுவர் இடுக்கால் கேட்டுக் கேட்டுத் தானும் பேசவும் வாசிக்கவும் பழகுகிறது. வகுப்பறைக்கு வெளியே நின்று படித்த பிள்ளை அது.

அந்த வீட்டுப் பெரியவருக்குக் கண் தெரியாது. ஒருநாள் அவர் தனியாக இருக்கும்போது அது உள்ளே போய்ப் பேசுகிறது. அவர் அன்பாகப் பதில் சொல்கிறார். கண் தெரிந்த மகன் வந்ததும் தடியால் அடித்துத் துரத்துகிறான். பிறகு ஆற்றில் மூழ்கிய ஒரு சிறுமியைக் காப்பாற்றுகிறது. கிடைத்த கூலி துப்பாக்கிச் சூடு. அதற்குப் பிறகுதான் அது கொலைகாரனாகிறது. விக்டரின் சின்னத் தம்பியைக் கொல்கிறது. அந்தக் கொலைக்கு ஜஸ்டின் என்ற அப்பாவி வேலைக்காரப் பெண் தூக்கில் தொங்குகிறாள். உண்மை தெரிந்த விக்டர், தன்னைப் பைத்தியம் என்பார்கள் என்று வாயை மூடிக்கொள்கிறான்.

கொலை கொலைதான். அதை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தக் கையில் முதலில் இருந்தது விறகு என்பதை மறக்கக் கூடாது.

இந்த நாவலில் நம்மை உறுத்தும் ஓர் இடமும் உண்டு. ஸஃபியின் தகப்பன் ஒரு துருக்கி வியாபாரி. அவளைப் பற்றிச் சொல்லும்போது, இஸ்லாம் பெண்ணுக்கு அறிவையும் சுதந்திரத்தையும் மறுக்கிறது என்ற கருத்தை மேரி எழுதிவிடுகிறார். அன்றைய ஐரோப்பாவில் பரவிக் கிடந்த பிழையான எண்ணம் அது. முகத்தைப் பார்த்துத் தீர்ப்பெழுதாதீர்கள் என்று ஒரு நாவல் முழுக்கக் கெஞ்சியவரே, நம்மை அறியாமல் நம்மைப் பற்றித் தீர்ப்பெழுதினார். அதற்காக நூலைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. இந்த நோய் நல்லவர்களையும் பிடிக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. நம்மையும் பிடிக்கும்.

நம் நாட்டின் ஆரம்பத் தமிழ் நாவல்களிலும் பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகள் வருகிறார்கள். கண்டி சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட 'அசன்பேயுடைய கதை'யில் எகிப்தில் பிறந்த குழந்தை களவாடப்பட்டு பம்பாயில் வளர்கிறது. நம் திருகோணமலை இன்னாசித்தம்பியின் 'ஊசோன் பாலந்தை கதை' 1891இல் வந்தது. அது தழுவிய ஐரோப்பியப் பழங்கதையில் இரட்டையரில் ஒருவன் அரண்மனையிலும் மற்றவன் காட்டில் கரடியிடமும் வளர்கிறார்கள். அரண்மனைச் சகோதரன் காட்டுக்குப் போய், மிருகம்போல இருந்தவனை மனிதரிடம் அழைத்து வருகிறான். அசனும் கடைசியில் பெற்றோரைச் சேர்கிறான். மேரியின் பூதத்தைத் தேடி அப்படி அன்போடு யாரும் போகவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

இப்போது தோப்பூருக்கு வருவோம். உம்மா வெளிநாட்டில், வாப்பா விடிந்தால் வேலைக்கு, பிள்ளை மூத்தம்மாவிடம். அப்படியான பிள்ளைகள் நம் வகுப்புகளில் எத்தனை பேர்? கடைசி வாங்கில் இருக்கும் அவனுக்கு நாம் வைத்த பெயர்கள்: மொக்கன், உருப்படாதவன், கழிசடை. பிறகு அவன் வருவது குறைகிறது. இடாப்பில் சிவப்புக் கோடு போடுகிறோம். 16 வயது வரை பாடசாலையில் இருக்க வேண்டும் என்பது சட்டம், ஆனால் தேடிப் போனது யார்? ஒரு நாள் அவன் சந்தியில் நிற்கிறான். ஊரில் ஒரு போன் களவு போனால் முதல் சந்தேகம் அவன் மேல். அவன் எடுக்கவில்லை என்று தெரிந்தவர்களும், நமக்கேன் வம்பு என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அவன் கெட்டவனோடு சேர்ந்த பிறகுதான் "இவன் சின்னதிலேயே இப்படித்தான்" என்கிறோம். சின்னதில் அவன் எப்படி இருந்தான் என்பதை அவனுடைய ஒன்றாம் ஆண்டு ஆசிரியையிடம் கேட்டுப் பாருங்கள்.

நாம் கேட்பது பெரிய திட்டம் அல்ல. பிள்ளையை அவனுடைய சொந்தப் பெயரால் கூப்பிடுவோம். மூன்று நாள் தொடர்ந்து வராவிட்டால் வகுப்பாசிரியர் வீட்டுக்கு ஒரு தடவை போவோம். இடைவிலகிய பிள்ளைகளின் பட்டியலைப் பாடசாலையும் பள்ளிவாசல் நிர்வாகமும் சேர்ந்து எடுக்கட்டும். ஒலிபெருக்கியில் வாசிப்பதற்கு அல்ல, வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு.

உங்கள் ஒழுங்கையில் பாடசாலை போகாமல் நிற்கும் ஒரு பிள்ளையாவது இருக்கும். அவனுடைய உண்மையான பெயர் உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இன்று அஸருக்குப் பிறகு போய்க் கேளுங்கள்.