இறுதிப் பாய்ச்சல்

மிதிவண்டிப் பந்தயத்தில் இறுதிப் பாய்ச்சலில் வல்ல வீரரைச் சிலர் சற்றே இழிவாகப் பேசுவர். நாள் முழுவதும் பிறர் முதுகின் பின்னே மறைந்து வந்து, முடிவுக் கோட்டின் அருகில் மட்டும் முன்னே பாய்ந்து வெற்றியைப் பறித்துக்கொள்பவர் அவர் என்பது அன்னோர் கூற்று. முன்னே செல்பவர் காற்றைக் கிழித்துச் செல்வதால் பின்வருபவருக்கு உழைப்பு பெரிதும் குறைகிறது என்பது மெய்யே. ஆயினும், ஆந்த்ரே தாரிகாத் என்னும் பிரெஞ்சு வீரரின் வாழ்வை அறிந்தோர் அவ்வாறு கூறத் துணியார்.

தாரிகாத் 1929ஆம் ஆண்டு, பிரான்சின் தென்மேற்கே லாந்துப் பகுதியில், நாரோஸ் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். 1951 முதல் 1966 வரை தொழில்முறை வீரராக விளங்கினார். ஏறக்குறைய மூன்று வாரங்கள் நடைபெறும் பிரான்ஸ் நாட்டுச் சுற்றுப் பந்தயத்தில் 22 நாள் வெற்றிகள் அவருடையவை. அவற்றுள் ஐந்து, பந்தயத்தின் முதல் நாளிலேயே பெற்றவை. முதல் நாளில் எவரும் களைத்திருப்பதில்லை. ஒவ்வொருவர் நெஞ்சிலும் மஞ்சள் சட்டை அணியும் ஆசை பொங்கி நிற்கும். அத்தகைய நாளில் ஐந்து முறை வென்றவரை, களைத்தவர்களை முந்தியவர் என்று எங்ஙனம் கூறுவது?

பிறருக்காக உழைக்கவும் அவர் பின்வாங்கவில்லை. அவருடைய நண்பர் ஜாக் ஆங்கெத்தீல் 1957இலும் 1961இலும் அப்பந்தயத்தை வென்றபோது, அவருடன் ஒரே அணியில் இருந்தார். 1961இல் முதல் நாள் காலையில் வென்றவர் தாரிகாத். அன்று பிற்பகலே மஞ்சள் சட்டை ஆங்கெத்தீலிடம் சென்று, பாரிஸ் வரை அவரிடமே இருந்தது.

இவற்றினும் நினைக்கத்தக்கது 1958ஆம் ஆண்டின் இறுதி நாள். பாரிஸ் நகரின் பார்க் தே பிரான்ஸ் திடலில், தாரிகாத் தலையைத் தாழ்த்தி முழு விசையுடன் முடிவுக் கோட்டை நோக்கிப் பாய்ந்தார். அவ்வேளை, திடலின் செயலாளரான முதியவர் வூட்டர்ஸ், புகைப்படக்காரர்களைப் பின்னே தள்ளும் முயற்சியில் பாதைப் பக்கம் சாய்ந்தார். இருவரும் மோதினர். தாரிகாத் தலையில் காயமுற்றார். முதியவரோ சில நாட்களில் உயிர் நீத்தார். இதில் வீரரைக் குறை கூறுவதற்கில்லை. அம்முதியவரும் தம் கடமையையே செய்தார். நல்ல படம் வேண்டும் என்பதற்காகப் பாதையின் விளிம்பு வரை ஆட்களை நெருங்கவிட்ட வழக்கமே ஓர் உயிரைக் குடித்தது.

தம் மீது குற்றமில்லை என்று அறிந்தாலும், இத்தகைய நிகழ்ச்சிக்குப் பின் மீண்டும் தலை தாழ்த்திப் பாய்வது எளிதன்று. தாரிகாத் பாய்ந்தார். 1959இல் சுற்றுப் பந்தயத்தின் முதல் நாளை மீண்டும் வென்றார். புள்ளிகளில் முதல்வருக்குரிய பச்சைச் சட்டையையும் பெற்றார். அவ்வாண்டே நெதர்லாந்தின் ஸாண்ட்வோர்ட்டில் உலகப் பந்தயம் நடைபெற்றது. அங்கே அவர் பெருங்கூட்டத்தின் நடுவே இறுதிவரை காத்திருக்கவில்லை. முடிவுக்கு நெடுந்தொலைவு இருக்கும்போதே பிரிந்து சென்ற சிறு குழுவில் சேர்ந்து, காற்றுக்கு முகங்கொடுத்து உழைத்து, அதன் பின்னரே இறுதிப் பாய்ச்சலில் உலக வெற்றியாளரானார்.