டீச்சருக்கு என்ன கொடுக்கலாம்?

ஏப்ரல் வந்துவிட்டது. ஓமலூர் வட்டாரத்துப் பள்ளிகளில் ஆண்டு முடிகிறது. "டீச்சருக்குப் பரிசு வாங்க எல்லோரும் பணம் போடுகிறார்கள், அம்மா!" என்று பிள்ளை வந்து நிற்கிறான்.

வசூல் வேண்டாம். தறிக் கூலியில் அரிசி வாங்கும் தாய் பணத்துக்கு எங்கே போவாள்? கொடுக்காத பிள்ளை வகுப்பில் தலைகுனிந்து நிற்கும். அரசு ஊழியர்கள் பரிசு வாங்க 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் கட்டுப்பாடும் உண்டு.

பிள்ளை தன் கையால் நாலு வரி எழுதட்டும். "டீச்சர், உங்களால்தான் எனக்கு ஏழாம் வாய்ப்பாடு வந்தது" என்றால் போதும். எழுத்துப்பிழை இருந்தால் திருத்தாதீர்கள்! அதை அவர் பீரோவில் பத்திரமாக வைப்பார்.

கையில் காசு உள்ளவர்கள் பள்ளிக்கே கொடுக்கலாம். 1958இல், காமராசர் ஆட்சியில், பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊரார் பெஞ்சும் கரும்பலகையும் கொடுத்தார்கள். நீங்களும் தலைமை ஆசிரியரைப் பார்த்து, என்ன தேவை என்று கேளுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம்.